சந்தோசமா போய்ட்டாரு

அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் ஆண்கள் வார்டு. காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து, நோயாளிகள் இட்லி தின்ற களைப்பில் கண் அயரும் நேரத்தில் கடல் அங்கே உள்ளே வந்துவிடும். தண்ணீர் வராது, வெளிச்சம் வரும். ராயபுரத்துத் துறைமுக மதிலையும், அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிரேன் கழுத்துகளையும், உள்ளே போக இடம் கிடைக்காமல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களையும் தாண்டி வந்து, வெள்ளையடித்த கூரையில் மெல்ல ஆடும். அத்தனை தூரத்திலிருந்து எப்படி வரும் என்று கேட்காதீர்கள். ஸ்டாஃப் நர்ஸ் ஃப்ளோராவின் கண்ணுக்கு ஆடியது. அவள் சொன்ன பிறகு மற்றவர்கள் கண்ணுக்கும் ஆடியது.

ஃப்ளோராவுக்கு அந்த வார்டு ஒரு கப்பல். பேச்சுக்குச் சொல்லவில்லை, அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். காலையில் வந்ததும் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே கட்டில் கட்டிலாகப் போவாள்.

"இன்னா நைனா, நைட்டு எந்த ஊரு தாண்டினோம்?"

"பர்மா சிஸ்டர்" என்பார் கால் உடைந்து கிடக்கும் லோடுமேன்.

"பர்மாவுல இன்னா துன்ன?"

"அத்தோ நூடுல்சு."

"காச்சல்ல அத்தோ துன்னா அப்பால நூத்திரெண்டு காட்டாம இன்னா பண்ணும்? கக்கத்த நல்லா மூடு."

பக்கத்துக் கட்டில்காரர் சிங்கப்பூர் என்பார், அதற்கடுத்தவர் தூத்துக்குடியோடு நிறுத்திக்கொள்வார். வார்டு இன்சார்ஜ் பவுனம்மாள் சிஸ்டர் இதையெல்லாம் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் ஒரு நாள் அவரே ஜன்னல் பக்கம் நின்று, "அந்தச் செவப்புக் கப்பல் நேத்து அங்கேயா நின்னுச்சி?" என்று கேட்டதை எல்லோரும் பார்த்தார்கள்.

இரண்டாயிரத்து ஒன்றிலோ இரண்டிலோ நிர்வாகம் டை கட்டிய ஓர் ஆளைக் கூட்டிவந்து, வேலையில் மலர்ச்சியாக இருப்பது எப்படி என்று நர்சுகளுக்கு வகுப்பு எடுக்க வைத்தது. கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகச் சொன்னார் அவர். ஃப்ளோரா கடைசி வரிசையில் உட்கார்ந்து நன்றாகத் தூங்கினாள். அவளுக்கு எதற்கு அந்த வகுப்பு?

அவளிடம் ஒரு சட்டமும் இருந்தது. நம் ஊரில் எங்கே கிளம்பினாலும் "வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், "போறேன்" என்றால் வாயிலேயே போடுவார்கள். ஃப்ளோரா இதைத் தலைகீழாகத் திருப்பிவிட்டாள். டிஸ்சார்ஜ் ஆகிறவர் பழக்கதோஷத்தில் "வரேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டால் போச்சு, வாசலை மறித்துக்கொண்டு நிற்பாள்.

"இங்க எதுக்கு நைனா திரும்பி வரப்போற? இது இன்னா உன் மாமியா வூடா? போறேன்னு சொல்லு. சொன்னாத்தான் வழி வுடுவேன்."

அவர் எச்சில் விழுங்கி, "போ... போறேன் சிஸ்டர்" என்பார். வார்டே கைதட்டும். வருஷக்கணக்காக இதைக் கேட்டுக் கேட்டு, ஊருக்கெல்லாம் துக்கமாக இருக்கிற சொல் ஃப்ளோராவின் வாயில் மட்டும் கல்யாணச் சொல்லாகிவிட்டது. வினை அதில்தான் வந்தது.

கிருஷ்ணப்பன் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு ஆள். எண்ணூர்ப் பக்கம் ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலை. நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு மூச்சுவிட முடியாமல் வந்து சேர்ந்தான். டாக்டர் ஹுமாயூன் முதுகில் ஊசி போட்டு நீரை எடுத்தார். இரண்டு வாரம் படுத்திருந்தான். முதல் சில நாட்கள் ஃப்ளோராவின் கேள்விக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவன், அப்புறம் பதில் சொல்ல ஆரம்பித்தான். எந்த ஊர் என்று கேட்டால் தினமும் ஒரே பதில்.

"வியாசர்பாடி."

"வியாசர்பாடிக்குக் கப்பல் போவாதுண்ணே."

"என்னுது போவும்."

அங்கே அவன் மனைவி கெங்கம்மா இருந்தாள். பகலெல்லாம் வீட்டு வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் ரசச் சோற்றோடு வருவாள், அவன் சாப்பிட்டு முடிக்கிறவரை கண்ணெடுக்காமல் பார்ப்பாள். அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் இருவரும் சும்மா இருக்கிற அழகைப் பார்க்கவே ஃப்ளோரா அந்தப் பக்கம் ஒரு வேலை வைத்துக்கொள்வாள்.

டிஸ்சார்ஜ் அன்று காலை, கெங்கம்மா வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. கிருஷ்ணப்பனுக்கு அதுவரை பொறுக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு, "நா பஸ் ஸ்டாண்டாண்டயே போய் நிக்கிறேன். எறங்குனதும் எதிர்ல நின்னா அவ மெர்சலாயிடுவா" என்றான். வாசலில் திரும்பி, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, "போறேன் சிஸ்டர்!" என்று கத்தினான். வார்டு கைதட்டி ஓய வெகு நேரமாயிற்று.

அன்றைக்கென்று கெங்கம்மா பஸ்ஸில் வரவில்லை, யாரோ தெரிந்தவரின் ஆட்டோவில் பின் கேட் வழியாக வந்தாள். மாடி ஏறி வந்தபோது கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. கம்பிகளை டெட்டால் போட்டுத் துடைத்திருந்தார்கள். தலையணை இல்லை, தண்ணீர்ப் பாட்டில் இல்லை, அவன் செருப்பு இல்லை. ஜன்னலருகே ஃப்ளோரா கூரை வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு அரைத் தூக்கம் போல் ஒரு கனவில் நின்றிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கெங்கம்மாவா? உன் வூட்டுக்காரரு போய்ட்டாரும்மா! இப்பத்தான். சந்தோசமா போய்ட்டாரு."

அடுத்து வந்த சத்தம் ஏதோ கப்பல் ஊதுகிறது என்றுதான் ஃப்ளோரா நினைத்தாள். ஒரு கணம் ஜன்னலைக்கூடப் பார்த்தாள். அதற்குள் கெங்கம்மா இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டில் கம்பியில் ஓங்கி அடித்துவிட்டாள். இன்னொரு தடவை. பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள் மொசைக் தரையில் சிதறி உருண்டன. உள்ளங்கையால் நெற்றியை ஒரே இழுப்பாக இழுத்தாள், பொட்டோடு மணிக்கட்டு ரத்தமும் சேர்ந்து முகத்தில் பரவியது.

"ஐயோ, வூட்டுக்குப் போய்ட்டாரும்மா! வூட்டுக்கு!" என்று ஃப்ளோரா அலறினாள். அது கெங்கம்மாவின் காதில் ஏறவில்லை. ஏறியபோது கிருஷ்ணப்பனே வாசலில் நின்றுகொண்டிருந்தான். பஸ்ஸில் மனைவியைக் காணாமல் திரும்பி வந்திருக்கிறான். கையில் இலையில் சுற்றிய மல்லிப்பூ.

கெங்கம்மா ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள், பிறகு மாரில் அடித்தாள், பிறகு மறுபடியும் கட்டிக்கொண்டாள். அவன் அவளுடைய கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வளையல ஏன்டி ஒடச்ச?" என்று மட்டும் கேட்டான். அந்தக் குரலில் இருந்த பயம் வார்டு முழுவதும் கேட்டது.

காயத்துக்கு மருந்து போட வந்த ஃப்ளோராவின் கையைக் கெங்கம்மா தட்டிவிட்டாள். வேறொரு நர்ஸ்தான் கட்டுப் போட்டாள். அவர்கள் போன பிறகு பவுனம்மாள் சிஸ்டர் தரையைப் பெருக்கச் சொல்லிவிட்டு ஃப்ளோராவிடம் வந்தார். "டிஸ்சார்ஜ்னு ஒரு வார்த்த கீதே, அத்த எவன் இட்டுகினு போய்ட்டான்?" என்று கேட்டார். அவர் அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்றோடு கப்பல் நின்றது. ஃப்ளோரா காலையில் வருவாள், தெர்மாமீட்டர் காட்டியதை எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்வாள். ஊசி நேரத்துக்குப் போடுவாள், மருந்து நேரத்துக்குக் கொடுப்பாள், வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. "சிஸ்டர், நேத்து மலாயா" என்று யாராவது தானாக ஆரம்பித்தால், "ம்" என்பாள். டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள் "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் தடுக்கவில்லை.

வீட்டில் அவள் புருஷன் லூயிஸ், துறைமுகத்தில் சரக்கு இறக்குவதை மேற்பார்க்கிறவன், தன்னால் ஆனமட்டும் தேற்றிப் பார்த்தான். "நீ நல்ல மன்சோடதான சொன்ன? அந்தம்மா தப்பா எடுத்துகினா நீ இன்னா பண்ணுவ?" என்றான். அவள் தொடாத தட்டைத் தன் பக்கம் இழுத்து அந்த மீனையும் சாப்பிட்டான்.

"தாலி அறுந்த சேதிய சிரிச்சிகினே சொல்றவன்னு ஒரு பொம்பள என்ன நெனச்சிச்சி லூயிஸ்" என்றாள் ஃப்ளோரா. "ஒரு நிமிசமாச்சும் நெனச்சிச்சி. இனிமே எந்த மூஞ்சிய வெச்சிகினு நா சிரிப்பேன்?"

சிரிப்பு என்பது தன்னிடம் இருக்கிற நல்ல சாமான் என்று அவள் இத்தனை காலம் நம்பியிருந்தாள். அது ஒருத்தியின் கையைக் கிழித்துவிட்டது. அந்த வேதனை அவளுக்குத் தாங்கவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். கிருஷ்ணப்பனை இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்து அதே வார்டில் படுக்க வைத்தார்கள். நீர் இருந்த இடத்தில் இப்போது சீழ். டாக்டர் ஹுமாயூன் அவன் விலாவில் குழாய் இறக்கி, மறுமுனையைக் கட்டிலுக்குக் கீழே தண்ணீர் நிரப்பிய பாட்டிலுக்குள் விட்டார். அவன் மூச்சு இழுத்தால் குழாயில் தண்ணீர் ஏறும், விட்டால் இறங்கும். இருமினால் உள்ளே அடைந்திருக்கிற காற்று குமிழியாக வெளியே வரும்.

"நுரையீரல் சுருங்கிப்போய்க் கிடக்கு. இழுத்து மூச்சு விடணும், நல்லா இருமணும். அப்பதான் கெட்டது வெளிய வந்து அது விரியும்" என்றார் டாக்டர். ஊதுவதற்கு ஒரு பலூனும் கொடுத்தார்.

பலூன் தலையணைக்குப் பக்கத்தில் அப்படியே கிடந்தது. கிருஷ்ணப்பன் சிட்டுக்குருவி போல மேலோட்டமாக மூச்சுவிட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தபடி இருந்தான். பாட்டிலில் ஒரு குமிழி இல்லை.

"இருமுண்ணே" என்றாள் ஃப்ளோரா, தாழ்ந்த குரலில்.

"எதுக்கு? வளையல் ஒடச்சாச்சி, பொட்டு அழிச்சாச்சி. எல்லாம் முடிஞ்சி போச்சி சிஸ்டர். நாந்தான் லேட்டு."

வளையல் உடைத்த அன்று சாயங்காலமே கெங்கம்மா வண்ணாரப்பேட்டையில் கை நிறையப் புது வளையல் வாங்கிப் போட்டிருந்தாள். கோயில் கோயிலாகப் போனாள். அவன் அந்த வளையல்களைப் பார்க்கிறபோதெல்லாம், "புதுசு போட்டா பழசு ஒடையலன்னு ஆயிடுமா?" என்பான். அவனுக்குக் கோபம் இல்லை, அவள் மேல் வருத்தமும் இல்லை. பஸ் வந்துவிட்டது, ஏறவேண்டியதுதான் பாக்கி என்பது போல அமைதியாக இருந்தான். அந்த அமைதிதான் எல்லோரையும் பயமுறுத்தியது.

நான்கு நாள் பார்த்துவிட்டு டாக்டர் ஃப்ளோராவைத் தனியே கூப்பிட்டார். "நாளைக் காலையில எக்ஸ்ரே எடுக்கறேன். இப்படியே இருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி நெஞ்சைத் திறக்க வேண்டியதுதான். இந்த உடம்பு அதைத் தாங்குமான்னு எனக்குத் தெரியல, சிஸ்டர்" என்றார். கொஞ்சம் தயங்கி, "நீங்க பழைய மாதிரி ஏதாவது பேசிப் பாருங்களேன்" என்றார்.

பழைய மாதிரி! ஃப்ளோரா கட்டிலருகே வந்து நின்றாள். எத்தனை பேரை இருமவைத்திருக்கிறாள், எத்தனை பேரைப் பலூன் ஊதவைத்து யாருடையது பெரிது என்று பந்தயம் கட்டியிருக்கிறாள். இப்போது வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை. உதட்டை இழுத்துச் சிரித்துப் பார்த்தாள். டை கட்டியவரின் வகுப்பில் மற்றவர்கள் சிரித்த மாதிரி இருந்தது அது. தன்னால்தான் இந்த மனிதன் சாகப்போகிறான் என்கிற நினைப்பு நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

வெளியே வெயில் சாய்ந்து, கடல் நீலம் மங்கிக் கனவில் வருகிற கடல் மாதிரி அசையாமல் கிடந்தது. கெங்கம்மா கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஃப்ளோரா ஒரு தலையணையை அவன் விலாவில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் முதுகைத் தாங்கினாள். "ஒரே ஒரு தபா, அண்ணே. வலிக்காம நா புடிச்சிக்கிறேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

கெங்கம்மா ஃப்ளோராவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்த இந்த நான்கு நாளில் அவள் ஃப்ளோராவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது மெதுவாக, ஆறுதல் சொல்கிற குரலில் பேசினாள்.

"சிஸ்டரு, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சிக்காத. உன் வூட்டுக்காரரு எப்டி செத்தாரு?"

ஃப்ளோராவுக்குப் புரியவில்லை. "யாரு?"

"உன் வூட்டுக்காரரு. அன்னிக்கி நா உள்ள வந்தப்போ நீ திரும்பின பாரு. வெள்ளப் பொடவ, நெத்தி காலி, கையி மொட்ட. சிரிச்சிகினே போய்ட்டாருன்ன. பாவம், இதுவும் புருசன வாரிக் குடுத்துட்டு மரத்துப்போய் நிக்கிது, இனிமே நம்பளும் இந்த மாதிரிதான்னு மனசுக்குப் பட்டுச்சி. உன் கையப் பாத்துதான் நா என் கைய அடிச்சேன். உன் மேல கோவமா இருந்தேன். அப்பால யோசிச்சா, நீயும் என்னாட்டம் பொம்பளதான?"

ஃப்ளோரா தன் கைகளைப் பார்த்தாள். முதல் தடவையாக இன்னொருத்தியின் கண்ணால் பார்த்தாள். வெறும் கை. அவளுக்கு முதலில் அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. அது தொண்டைக்கு வருவதற்குள் வேறு ஏதோ ஆகிவிட்டது.

"கெங்கம்மா, எம் புருசன் குத்துக்கல்லாட்டம் கீறாரு!" என்றாள். ரவிக்கைக் கழுத்துக்குள் கையைவிட்டுத் தாலிச் செயினை வெளியே இழுத்துக் காட்டினாள். "நாங்க வேதக்காரங்க, எங்கூட்ல பொட்டு வெக்க மாட்டோம். நர்சுங்க டியூட்டில வளையல் போடக் கூடாது, அழுக்கு சேரும், பேசண்டு மேல கீறிடும். கல்யாணம் ஆனதுலேர்ந்து தெனமும் காத்தால கழட்டி வெச்சிட்டு வரேன்."

"தெனமுமா?"

"தெனமும். நா கழட்டக் கழட்ட அவரு பெருத்துகினே போறாரு. வளையல் கழட்டுனா புருசன் போவான்னா, எங்க நர்சுங்க வூட்ல ஒரு ஆம்பள மிஞ்சியிருப்பானா? தொ, என்ன இட்டுகினு போக கீழ வந்து நிக்கிறாரு, நீயே பாரு."

கெங்கம்மா எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கீழே கேட்டுக்கு வெளியே பஜ்ஜிக் கடை. அதன் பக்கத்தில் ஒரு டிவிஎஸ் ஃபிப்டி, அதன் மேல் லூயிஸ்.

"அந்த மஞ்ச சட்டையா?"

"அவரேதான்."

கெங்கம்மா எட்டி எட்டிப் பார்த்தாள். அப்புறம் கட்டில் பக்கம் திரும்பி, "யோவ்" என்றாள். "யோவ், வண்டி எங்க கீதுன்னே தெரிலய்யா. ரெண்டு சக்கரம்தான் வெளிய தெரிது. டயரு அய்வுது."

கிருஷ்ணப்பன் கண்ணைத் திறந்தான்.

"மொளகா பஜ்ஜி துன்னுகினு கீறாரு. முழுசா உள்ள போடறாருயா. கடக்காரன் அடுத்தது போட்டுத் தரான்... யம்மா, அதுவும் போச்சி. யோவ், இந்தாளுக்குத் தெனம் வளையல் கழட்டுறாங்களாம்யா! நா ஒரு தபா ஒடச்சதுக்கு நீ இப்டிப் பட்த்துகினு கீற!"

அவன் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அடக்கிப் பார்த்தான். மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது, அதற்கு மேல் அடக்க முடியவில்லை. சிரிப்பு விலாவைக் குத்தி இருமலாகி, இருமல் திரும்பச் சிரிப்பாகி அவனை உலுக்கியது. கட்டிலுக்கடியில் பாட்டில் கொதிக்கிற சோற்றுப் பானை போல் குடுகுடுவென்று பொங்கியது.

"வலிக்குதுடி... நிறுத்துடி..." என்றான் மூச்சுத் திணறி.

"நிறுத்தாத கெங்கம்மா!" என்று கத்தினாள் ஃப்ளோரா. தலையணையை விலாவோடு அழுத்திப் பிடித்திருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது. "இன்னும் சொல்லு! இப்ப இன்னா துன்றாரு?"

"வாழக்கா பஜ்ஜி!"

வார்டு முழுக்க எழுந்து உட்கார்ந்துவிட்டது. பவுனம்மாள் சிஸ்டர் என்னவோ ஏதோவென்று ஓடிவந்து, பாட்டிலைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். கிருஷ்ணப்பனுக்கு வியர்த்து வழிந்தது. ஒரு நீண்ட மூச்சை உள்ளே இழுத்தான், அத்தனை நாளில் முதல் முறையாக முழுசாக. குழாயில் தண்ணீர் ஒரு சாண் ஏறி இறங்கியது.

"என்ன எயுப்பி வுடு, சிஸ்டர்" என்றான். "நா அந்தாளப் பாக்கணும்."

கெங்கம்மா ஒரு தோளைப் பிடித்துக்கொண்டாள். ஃப்ளோரா இன்னொரு தோளைத் தாங்கிக்கொண்டு, பாட்டிலைத் தாழ்த்திப் பிடித்தபடி கூடவே நடந்தாள். ஓரடிக்கு ஒரு தடவை நின்று இருமினான், இருமலுக்கு ஒரு தடவை சிரித்தான். ஜன்னலுக்குப் போய்ச் சேர வெகு நேரமாயிற்று.

கீழே லூயிஸ் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தவன், ஏதோ தோன்றித் தலை நிமிர்ந்தான். மூன்றாவது மாடி ஜன்னலில் தன் பெண்டாட்டி, முன்பின் தெரியாத ஒருத்தி, நெஞ்சில் பிளாஸ்திரி ஒட்டிய ஓர் ஆள். மூன்று பேரும் தன்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எதற்கென்று அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஃப்ளோரா சிரிக்கிறாள், அது போதுமாக இருந்தது அவனுக்கு. பெரிதாகக் கையை ஆட்டினான்.